வியர்க்காத தாளம்

தலையை ஆட்டக்கூடாது, எச்சில் விழுங்கணும்னா சத்தம் நிற்கும்போது விழுங்குங்க, பயமா இருந்தா கையில இருக்கிற ரப்பர் பந்தை ஒரு அமுக்கு அமுக்குங்க நான் வந்துடுவேன் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிவரும் அதே வார்த்தைகளைச் சொல்லி, கமலவேணி டீச்சரின் கழுத்துக்கு மேல் அந்த வெள்ளைக் கூண்டை மாட்டி, காதில் ஹெட்ஃபோனை வைத்து, மேஜையோடு குகைக்குள் தள்ளிவிட்டு, கனத்த கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பெர்சிஸ் உட்கார்ந்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷத்தில் எஃப்.எம்.மில் இவள் பேண்டின் பாட்டுக்காரன் வத்சன் பேசப்போகிறான், தன்னால் கேட்க முடியாது. ஸ்கேன் சென்டர் பூமிக்குக் கீழே இருக்கிறது, சுவருக்குள் செப்புத் தகடு, போனில் ஒரு கோடுகூட வராது. சத்தம் வருகிற ஒரே வழி மொட்டைமாடியிலிருந்து ஒயர் இழுத்து வைத்திருக்கும் பழைய ரேடியோப் பெட்டி, அதுவும் பிளாஸ்டிக் குழாய் வழியாக உள்ளே படுத்திருப்பவர் காதுக்கு மட்டும். டீச்சர் அயனாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவர். தாலிச்சரடு, மூக்குத்தி, மெட்டி எல்லாம் முகம் சுளிக்காமல் கழற்றிக் கொடுத்தவர், சாவிக்கொத்தில் தொங்கிய விசிலுக்கு மட்டும் "இதுமா?" என்று கேட்டார். "உள்ள காந்தம் டீச்சர், பறிச்சுக்கிட்டுப் போயிடும்." கொடுத்தார், மனசில்லாமல். பாட்டு போடட்டுமா என்றதற்கு, "பாட்டு வேணாம், யாராவது பேசிக்கிட்டிருந்தா போதும், மனுஷக் குரல் கேட்டா பயம் இருக்காது" என்றார். எந்த ஸ்டேஷன் என்று பெர்சிஸ் கேட்கவில்லை. கை தானாகப் போய்த் திருப்பிவிட்டது. தான் கேட்க முடியாததை வேறொருவர் காதில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளே, இவளை என்னவென்று சொல்வது.

முதல் சத்தம் சின்னது, இருபது விநாடி, கழுத்து எங்கே இருக்கிறது என்று மெஷின் தடவிப் பார்ப்பது. திரையில் டீச்சரின் கழுத்தெலும்பு ஏழும் வரிசையாக நின்றன, அசெம்பிளியில் நிற்கிற மாதிரி. கோடு போட்டு, பட்டனைத் தட்டினாள். கர்ர்ர்ர். நாலு நிமிஷம். 'பிழையே செய்யாத ஒருவர் இந்த ஆல்பத்தில் உண்டென்றால் அது அந்தத் தாள இயந்திரம்தான்.' நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பிதழில், ஒரு முழுப் பக்கத்துக்கு, பரசுராமன் எழுதியது. பரசுராமன்! சபா சபாவாக ஏறி இறங்கி, வித்வான்களைத் தூங்கவிடாமல் விமர்சனத்தால் அடித்த கை, ராக் இசை என்று ஒன்று இருப்பதாகவே இத்தனை வருஷம் ஒத்துக்கொள்ளாத மனுஷன், அவர் உட்கார்ந்து 'மூணாவது ஃபேஸ்' என்ற பேண்டின் 'ஒப்புக்கொள்கிறேன்' ஆல்பத்தை எட்டுப் பாட்டும் கேட்டு எழுதியிருக்கிறார். போனையும் பாஸ்வேர்டையும் பற்றிப் பாட என்ன இருக்கிறது என்று நினைத்தேன், நம் காலத்தின் புலம்பல் முழுக்க அதற்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஐந்து மாசமாக வந்ததெல்லாம் என்ன? ஒரு இங்கிலீஷ் வெப்சைட் மூன்றரை நட்சத்திரம் போட்டது, அரை நட்சத்திரம் யாருக்குப் போட்டதோ. யூட்யூபில் ஒருத்தன் வரிகள்லாம் ஓகே ப்ரோ, டியூன் எங்க ப்ரோ என்று கைகொட்டிச் சிரித்தான். இன்னொருத்தன் அழுகிற ரோபோ மாதிரி இருக்கு என்றான். அதற்கெல்லாம் பிறகு இது. நேற்றுக் காலை சர்ச்சுக்குப் போகும் வழியில் கடையில் தொங்கிய பேப்பரைப் பார்த்து, வாங்கி, பஸ் ஸ்டாப்பிலேயே நின்று படித்து, ரெண்டு பஸ்ஸை விட்டாள். மூன்றாவது பத்தியில்தான் அந்த வரி. மனிதன் ஒருவன் தான் மனிதன் என்று நிரூபிக்கப் போன் திரையில் பஸ் இருக்கும் படக் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டி அழுகிறான், அவன் பின்னால் ஈரமில்லாத, மூச்சு வாங்காத, வியர்க்காத ஒரு தாளம் இரக்கமே இல்லாமல் துரத்துகிறது, மனிதக் கையால் ஆகாத காரியம் அது, இயந்திரத்தை இயந்திரத்தைக் கொண்டே கேள்வி கேட்ட இந்த இளைஞர்களின் சாமர்த்தியத்துக்கு என் சலாம்.

வியர்க்காததாம்! ஏ.சி. சத்தம் மைக்கில் விழும் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டு, மே மாசம், வளசரவாக்கத்தில் ஜன்னலே இல்லாத அந்த அறையில், ஆறு நிமிஷம் இருபது விநாடி பெர்சிஸ் வாசித்த டிரம்ஸ், நிறுத்தாமல் ஒரே டேக். காதில் அளவு சொல்லிக்கொடுக்கும் டிக் டிக் சத்தம்கூட வேண்டாம் என்று கழற்றி வைத்தாள். முடித்து எழுந்தபோது ஸ்டூலில் தண்ணி நின்றது, பேஸ் கிட்டார் வாசிக்கும் இம்தியாஸ் துண்டை எறிந்துவிட்டு, "அக்கா, நீ மனுஷியா?" என்று கேட்டான். அன்றைக்கு அது பாராட்டு. அதே கேள்வியைப் பரசுராமன் அச்சில் கேட்டால் மட்டும் ஏன் குத்துகிறது? பெருமையாக இருந்தது, மறைப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது. பிழையே இல்லை என்று பரசுராமன் எழுதிவிட்டார். அவர் வாயால் பிழையில்லை என்று வாங்கியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? பெரிய பெரிய மிருதங்கத்துக்கெல்லாம் கிடைக்காதது, வியாசர்பாடி பெர்சிஸுக்குக் கிடைத்தது. ஆனால் கிடைத்தது பெர்சிஸுக்கு இல்லை, ஒரு பெட்டிக்கு. இல்லாத ஒரு பெட்டிக்கு. இன்று காலை எட்டு மணிக்கு, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரத்தில் வத்சன் போன் பண்ணினான். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவன்தான், ஒன்பது வருஷச் சிநேகிதம். "பெர்ஸி, பதினோரு மணிக்கு லைவ். மெஷின் பத்திக் கண்டிப்பா கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? இல்லன்னு சொன்னா மனுஷனுக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆயிடும்டி. அவர் எழுதினதே அது மேலதான் நிக்குது. மெஷின்னே விட்டுட்டா என்ன?" அதற்கு இவள் என்ன சொன்னாள்? உன் இஷ்டம். அடிப்பாவி. உன் இஷ்டமாமே.

உன் இஷ்டம் என்றால் உன் இஷ்டம் என்றா அர்த்தம்? ஒன்பது வருஷம் பழகினவனுக்குத் தெரிய வேண்டாமா? வீட்டில் அம்மா உன் இஷ்டம் என்று சொன்னால் அப்பா போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார், அந்த அளவுக்காவது புத்தி வேண்டாமா? ஆனால் வத்சன் படித்தவன், சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பேரே போடக்கூடாது என்று சொன்னது யார்? இவள்தான், இவளேதான். அட்டையில் யார் பாடியது, யார் வாசித்தது எதுவும் வேண்டாம், போட்டோ வேண்டாம், போன் கம்பெனிக்காரன் நம்ம பேரு, பொறந்த தேதி, கட்டைவிரல் ரேகை வரைக்கும் வச்சிருக்கான், பாட்டு கேக்குறவனுக்கும் அதையே ஏன் குடுக்கணும், சத்தத்தை மட்டும் குடுப்போம் என்று டீக்கடையில் நின்று பிரசங்கம் பண்ணினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அட்டையில் வெறும் கட்டம் ஒன்று, அதில் ஒரு டிக். அவ்வளவுதான். பரசுராமன் எங்கே போய்த் தேடுவார் பாவம்? அன்றைக்குப் பேசின வாயை இன்றைக்கு எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? நாலு நிமிஷச் சத்தம் நின்றது. பதினொன்று அடித்து ஒரு நிமிஷம். "டீச்சர், நல்லா இருக்கீங்களா? அடுத்தது ஐந்து நிமிஷம்" என்று மைக்கில் கேட்டாள். "இருக்கேன், இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு" என்றார் டீச்சர். பட்டனைத் தட்டினாள்.

இது டட்டட்டட்டட் என்று போகிறது. பதினோரு வருஷத்தில் இந்த மெஷினின் எல்லாச் சத்தமும் அத்துப்படி. கழுத்துக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று, மூளைக்கு நாலு. மெஷின் தாளம் தவறாது, சும்மா இருக்கிற நேரத்தில்கூட உள்ளே ஒரு பம்ப் சிக்-சிக், சிக்-சிக் என்று குருவி மாதிரி கத்திக்கொண்டிருக்கும். தாளம் என்றால் என்னவென்று அவள் கற்றது வியாசர்பாடிச் சர்ச்சின் சபையில். பதினாலு வயதில், பாஸ்டர் மகன் துபாய் போனதால் காலியான டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். சபையில் வாசிப்பது என்றால் அளவெல்லாம் இல்லை, பாஸ்டரின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுகை வரப்போகிறது என்றால் அவர் தொண்டைக்கு முன்னால் உன் கை விழ வேண்டும், சனம் எழுந்து நிற்கும். அப்படி முந்தி முந்தி வளர்ந்த கையை இந்த மெஷின்தான் உட்கார வைத்துப் பழக்கியது. இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தொடையில் விரலால் தட்டி, ஐந்து நிமிஷம் தவறாமல், அப்புறம் பத்து நிமிஷம் தவறாமல். பஸ் பாட்டின் தாளமே கழுத்து ஸ்கேனின் கடைசிச் சத்தம்தான். டக்-டக, டக்-டக, டக. வத்சனிடம் கூட அதைச் சொன்னதில்லை. ஆக, பரசுராமன் முழுக்கத் தப்பாகவும் சொல்லிவிடவில்லை. அவருக்குக் காது இருக்கிறது, இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஒருவேளை அவர் சரியாகத்தான் கேட்டாரோ? அப்பாவை அடக்கம் பண்ணின அன்று கீழ்ப்பாக்கம் கல்லறையில் அம்மா மண்ணில் புரண்டு அழுதாள், தங்கச்சி மயங்கி விழுந்தாள், இவள் பெட்டியில் ஆணி அடிக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றாள். நாலு, நாலு, மூணு. நாலாவது ஏன் அடிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு ராத்திரி முழுக்கக் குடைச்சல், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று அத்தை காதுபடவே சொன்னாள். ஈரமில்லாத, மூச்சு வாங்காத. அத்தையும் பரசுராமனும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்களே, இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்களா என்ன.

ஆனால் ஒரு இடம் இருக்கிறது. அதை அவள் யாரிடமும் பேசுவதில்லை. பாட்டில் நாலாவது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், வத்சன் 'இந்தக் கட்டத்தில் நான் இருக்கிறேனா பாருங்கள்' என்று பாடும்போது ஒத்திகையில் ஒருநாளும் உடையாத அவன் குரல் அன்றைக்கு உடைந்தது. அவன் தொண்டை இறுகுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் வியாசர்பாடிக் கை எழுந்து முன்னால் விழுந்துவிட்டது. அரைக்கால் வாசிதான், இமை மூடும் நேரம்கூட இல்லை, அடுத்த அடிக்குள் சரிபண்ணிவிட்டாள். திரும்ப எடுக்கலாம் என்று கெஞ்சினாள். ஒருத்தனுக்கும் காதில் விழவில்லை, எங்கே, எங்கே என்று மூன்று தடவை போட்டுக் கேட்டார்கள், உனக்குப் பைத்தியம் என்றார்கள். விட்டுவிட்டாள். ஐந்து மாசம், இருபது விமர்சனம், ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை, பரசுராமனே கண்டுபிடிக்கவில்லை. தப்பித்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். நேற்று பஸ் ஸ்டாப்பில் நின்று படிக்கும்போதுதான் முதல் தடவையாக வேறு மாதிரி வலித்தது, ஐயா, அந்த இடத்தையாவது கேட்டிருக்கக்கூடாதா என்று.

சத்தம் நின்றது. மணி பதினொன்று ஆறு. இந்நேரம் கேள்வி வந்திருக்கும். பதிலும் வந்திருக்குமா? அடுத்ததற்குப் பட்டனைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சனியனே, இன்றைக்கா? வாரத்துக்கு ஒருநாள் இப்படி நின்றுபோகும், படத்தையெல்லாம் உள்ளே அடுக்குகிறதாம், அதற்கு ஏழெட்டு நிமிஷம் பிடிக்கும், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். "டீச்சர், கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுது, அசையாம அப்படியே இருங்க." டீச்சர் ஒழுங்காகப் படுத்திருக்கிறார். உள்ளே நடப்பதைக் கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கரை முழுசாகத் திருப்பி, காதை அதன்மேல் ஒட்டினாள். சிக்-சிக், சிக்-சிக். பம்ப் குருவி. அதற்குப் பின்னால் கொசு மாதிரி ஏதோ, பேச்சா பாட்டா தெரியவில்லை. எழுந்தாள். கதவு ஆறடி தூரம். திறந்து உள்ளே போய், டீச்சர் ஒரு நிமிஷம் என்று ஹெட்ஃபோனை இழுத்துத் தன் காதில் வைத்தால் தெரிந்துவிடும். கைப்பிடியைப் பிடித்தும் விட்டாள், சில்லென்று இருந்தது. டீச்சர் தலையைத் திருப்பிவிட்டால் முதலிலிருந்து எல்லாம் எடுக்க வேண்டும், வெளியே ஒரு முட்டியும் ரெண்டு முதுகும் காத்திருக்கின்றன. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என்ன கேட்கப் போகிறாள்? பேரைச் சொன்னானா என்றா? கல்யாணப் பந்தியில் இலை கிடைக்குமா என்று வாசலில் எட்டிப் பார்க்கிற மாதிரி? மாட்டாள். ஆறு நிமிஷம் இருபது விநாடி வாசித்தவள் அவள், எட்டிப் பார்க்க மாட்டாள். கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வட்டம் நின்றது. கடைசிச் சத்தம், அவளுடைய சத்தம், டக்-டக, டக்-டக, டக. நாலு நிமிஷம் தொடையில் விரல் தானாகச் சேர்ந்து போயிற்று. வத்சன் சொல்லியிருக்க மாட்டான், உன் இஷ்டம் என்ற பிறகு எந்த மடையன் சொல்வான். சொல்லியிருப்பான், அவன் மடையன்தான். இப்படியே போய் வந்து போய் வந்து சத்தம் நின்றபோது மணி பதினொன்று பதினேழு. கதவைத் திறந்து மேஜையை வெளியே இழுத்தாள். கூண்டைக் கழற்றியதும் டீச்சர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார், வகுப்புக்கு லேட்டாக வந்தவளைப் பார்க்கிற மாதிரி பெர்சிஸைப் பார்த்தார்.

"ரேடியோ கேட்டுச்சா டீச்சர்?" என்றாள், சும்மா கேட்பது போல.

"எங்க கேட்டுச்சு? யாரோ ஒரு பையன், பாட்டுக்காரனாம், பேட்டி. உங்க பாட்டுல டிரம்ஸ் வாசிக்கிறது மெஷின்னு எழுதியிருக்காங்களே, நெசமான்னு கேட்டாங்க. அவன் வாயைத் தொறக்குறான், உன் மெஷின் டட்டட்டட்டுன்னு ஆரம்பிச்சிடுச்சு. ஒரு எழுத்து காதுல விழல."

பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்தது. வத்சன் வாயைத் தன் கையாலேயே பட்டனைத் தட்டி அடைத்திருக்கிறாள். மெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் குனிந்து மாட்ட முடியாமல் காலை நீட்டினார், பெர்சிஸ் மண்டியிட்டு மாட்டிவிட்டாள்.

"ஆனா அவன் சொல்லவே வேணாம்மா. அப்புறம் உன் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சே, அப்பப் பாட்டைப் போட்டாங்க. அசையக்கூடாதுன்னு சொல்லிட்டியே, வேற என்ன பண்றது, முழுசாக் கேட்டேன். பஸ்ஸு, கட்டம்னு என்னமோ பாடுறான், அது போவட்டும். அந்த டிரம்ஸு மெஷின் இல்ல, ஆளு."

மெட்டி விரலில் பாதியில் நின்றது. "எப்படி டீச்சர் சொல்றீங்க?"

"எப்படியா? முப்பத்திரண்டு வருஷம் மார்ச் பாஸ்ட் நடத்தியிருக்கேன். நானூறு பிள்ளைங்க கால் வைக்கையில ஒருத்தி முந்தினா, திரும்பிப் பாக்காமயே அவ பேரைச் சொல்லுவேன். அந்தப் பாட்டுல எல்லாம் சரியாத்தான் போவுது, நடுவுல அந்தப் பையன் அழுவுற மாதிரி ஒரு இடம் வருது பாரு, அங்க டிரம்ஸ் அடிக்கிற ஆளு ஒரு பொட்டு முந்திடுச்சு. அடுத்த அடியில சமாளிச்சிடுச்சு, கெட்டிக்கார ஆளுதான். மெஷினுக்கு எதுக்கும்மா பதறுது? இவன் அழுதா அதுக்கென்ன?"

மேலே போனால் போனில் கோடு வந்துவிடும், வத்சன் என்ன சொன்னான் என்பது ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. கண்ணில் ஏதோ நிறைந்துகொண்டு வந்தது, டீச்சரின் கால் மங்கலாகத் தெரிந்தது, அப்பாவுக்கு வராதது இந்தச் செருப்பில்லாத காலுக்கு முன்னால் வந்து நிற்கிறதே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. மெட்டியைச் சரியாக மாட்டி, எழுந்து, நேராக நின்றாள்.

"டீச்சர், அந்த ஆளு நான்தான். டிரம்ஸ் நான் வாசிச்சது. என் பேரு பெர்சிஸ்."

கமலவேணி டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார், பச்சை யூனிஃபார்மையும் கையையும் பார்த்தார். சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி, விசில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நீயா? அப்ப அந்த எடத்துல எதுக்கு அவசரப்பட்ட?"

"அவன் அழுதுட்டான் டீச்சர்."

"ம்" என்றார் டீச்சர். "அப்ப சரி."